குடை பிடித்த கை

ஹரோ,
12 செப்ரெம்பர் 1993

இயேசு, மரி, சூசை.

அன்பு மகள் பெர்னடெற்றுக்கு,

நீ அலபாமா போய்ச் சேர்ந்த செய்தியை ஒரு தபால் அட்டையில் எழுதியிருந்தாய். பருத்திச் செடியின் படம் போட்ட அட்டை. இருந்த ஐந்து வரியில் இரண்டு வரி வெக்கையைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு வெக்கை ஒரு செய்தியா?

நான் சுகம். முழங்கால் மட்டும் என் சொல் கேட்பதில்லை. அதை எழுதி உன் அனுதாபத்தைப் பெறும் எண்ணம் எனக்கு இல்லை.

இன்று பூசை முடிந்து வெளியே வரும்போது பியற்றிஸ் செபமாலைமுத்து என்னை மறித்துக்கொண்டார். உனக்குத் தெரியும், தன் மகன் கண் டொக்டர் என்பதை வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்பவர். "பெர்னடெற் அமெரிக்காவில என்ன செய்யிறா?" என்று கேட்டார். "யூனிவேர்சிற்றியில ஆராய்ச்சி" என்று சொன்னேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. கவுன்சில் நூலகத்தில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு, முப்பத்தொரு வயதில், கறுப்பர்களின் கல்லூரி ஒன்றில் பழைய கடதாசிக்குத் தூசி தட்டப் போயிருக்கிறாய் என்று கோயில் வாசலில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பயிற்சிக்கு இன்ரேர்ன்ஷிப் என்று பெயர் என்றாய். எங்கள் கன்னியர் மடத்து அகராதியில் அந்தச் சொல்லுக்கு மறியலில் அடைத்துவைப்பது என்றுதான் பொருள் இருந்தது.

யாழ்ப்பாண நூலகம் எரிந்தபடியால்தான் இந்தப் படிப்பு என்று விமான நிலையத்தில் கண் கலங்கினாய். அந்த நூலகத்துக்காக இங்கே லண்டனில், டூட்டிங்கில் இன்றைக்கும் அழுகிறவர்களில் பாதிப் பேர் அதற்குள் ஒரு நாளும் காலடி வைத்ததில்லை. நான் அங்கத்தவராக இருந்தவள். ஒரு புத்தகமும் பிந்திக் கொடுத்ததில்லை. எரிந்தபோது அழவும் இல்லை. அதற்கான பரிகாரம் அலபாமாவில் இருக்கிறதென்று உனக்கு யார் சொன்னார்கள்?

மூத்தவள் கறுப்பன் ஒருவனைக் கலியாணம் செய்தாள். இளையவள் கறுப்பர்களின் குப்பையைப் பாதுகாக்கப் போனாள். என் வளர்ப்பு அப்படி.

இதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் புறப்படும் முன் நீ மறுபடியும் உன் அக்கா றோஸ்மலரைப் பற்றிக் கதைக்கப் பார்த்தாய். அந்தக் கலியாணத்தை நான் ஒருவேளை காலப்போக்கில் பொறுத்திருப்பேன். உன் அப்பா இறந்தபோது அந்த மெல்வின் செத்தவீட்டுக்கு வரவில்லை. எங்கள் ஊரில் காணிச் சண்டையில் கை வெட்டினவனும் செத்தவீட்டுக்கு வருவான். நீ அப்போது யாழ்ப்பாணத்தில் விடுதிப் பிள்ளை, நீ காணவில்லை. நான் கண்டேன்.

வெறும் வயிற்றில் கோப்பி குடியாதே.

உன் தாய்,
டொலறஸ் கிறிஸ்துநாயகம்


அலபாமா,
3 ஒக்ரோபர் 1993

அன்புள்ள அம்மா,

பெற்ற மகளுக்கு எழுதும் கடிதத்திலும் முழுப்பெயரில் கையெழுத்து வைக்கும் ஒரே தாய் நீங்கள்தான். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முழங்காலுக்கு டொக்டரிடம் போங்கள்.

நான் தூசி தட்டுகிறேன் என்பது உண்மை. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்கள் விடுதலையான கையோடு தங்கள் பிள்ளைகளுக்கென்று கட்டிய கல்லூரி இது. மற்றக் கல்லூரிகள் இவர்களை வாசலிலும் விடாத காலத்தில், இவர்களுடைய கடிதங்களையும் படங்களையும் இவர்களேதான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் கூரை ஒழுகியிருக்கிறது. பெட்டிகளில் பூஞ்சணம். இப்படிப்பட்ட கல்லூரிகள் சிலவற்றிலிருந்து மாணவர்கள் ஆறு பேர் வந்து பழகுகிறோம். நான் ஒருத்திதான் வெளியாள். முதல் நாளே சோற்றைக் கையால் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு ஒருவரும் என்னிடம் நாடு எது என்று கேட்கவில்லை, கோழிக்கறி எப்படி வைப்பது என்று கேட்கிறார்கள்.

எங்களை மேய்ப்பவர் மிஸிஸ் கால்வேர்ட், ஆவணப் பகுதித் தலைவர். உங்களுக்குப் பிடிக்கும், அல்லது அறவே பிடிக்காது. காலையில் எல்லோருடைய நகத்தையும் பார்ப்பார். பேனை கொண்டுவந்தால் வாசலில் பறித்துவிடுவார், பென்சில் மட்டும்தான். "பிறகு எடுக்க முடியாத எதையும் செய்யாதே" என்பது அவருடைய முதல் கட்டளை. யாரோ செலோரேப் ஒட்டிய ஒரு படத்தைக் கண்டு அவர் கண்ணை மூடிச் செபித்ததை நான் பார்த்தேன்.

இப்போது என் மேசையில் இருப்பவை இந்த ஊர்ப் படக்காரர் ஒருவர் ஐம்பது வருடமாக எடுத்த படங்கள். பாதி செத்தவீட்டுப் படங்கள், அம்மா. பெட்டி திறந்திருக்கிறது, சுற்றிவரக் குடும்பம், எல்லோரும் கமெராவைப் பார்க்கிறார்கள். அசல் எங்களுடைய படம்தான். லண்டனில் இதை யாருக்கும் விளங்கப்படுத்த முடியாமல் நான் பட்ட பாடு! இங்கே ஒருவரும் கேட்கவே இல்லை. ஒரு படத்தில் போருக்குப் போய் வர முடியாமல் போன மகனைப் பட்டாளத்து உடுப்போடு தாய்க்குப் பக்கத்தில் பிறகு வெட்டி ஒட்டியிருக்கிறார். கால் நிலத்தில் முட்டவில்லை. ஆனாலும் நிற்கிறான்.

அப்பாவின் செத்தவீட்டுப் படத்திலும் பூஞ்சணம் என்று முந்திச் சொன்னீர்கள். வேறு யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். எனக்கு அனுப்புங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர்களையும் எழுதுங்கள், இங்கே பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்போம்.

அன்புடன்,
பெர்னடெற்


ஹரோ,
24 ஒக்ரோபர் 1993

இயேசு, மரி, சூசை.

அன்பு மகள் பெர்னடெற்றுக்கு,

செத்தவீட்டுக்கு வராத ஒருவனை வந்ததாகக் காட்டும் படத்துக்குப் பெயர் பொய். அதைப் பஞ்சில் வைத்துப் பாதுகாப்பதற்கு ஒரு கல்லூரியும் ஆறு மாணவர்களும். இதைத்தான் நான் ஆராய்ச்சி என்று பியற்றிஸிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

எங்கள் படங்கள் வேறு. நாங்கள் யார் வந்தார்கள் என்பதற்கு அத்தாட்சியாக எடுக்கிறோம். அவர்கள் வேடிக்கைக்கு எடுக்கிறார்கள். இரண்டையும் ஒன்று என்று எழுதாதே.

நகம் பார்ப்பது நல்லது. அந்த அம்மாளுக்கு அந்தப் பழக்கத்தை யாரோ வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி பழக்கியிருக்க வேண்டும்.

அப்பாவின் படத்தைப் பதிவுத் தபாலில், இரண்டு மட்டைக்கு நடுவே வைத்து அனுப்பியிருக்கிறேன். இங்கே ஹை ஸ்ட்றீற்றில் படம் திருத்தும் ஒரு கடை இருக்கிறது. அங்கே நிற்கும் பெடியனின் சட்டைக் கொலரைப் பார்த்தேன், திரும்பி வந்துவிட்டேன். இது ஒரே பிரதி. அப்பாவின் முகத்தை மட்டும் துடை. வலப்பக்கத்து மலர்வளையத்தில் கை வைக்காதே. அது நன்றாகவே இருக்கிறது.

பின்பக்கத்தில் பெயர் எழுதுவீர்கள் என்றாய். இடமிருந்து வலமாகத் தருகிறேன். பங்குச் சுவாமி, ஐரிஷ்காரர், பிரேதத்தைப் படம் எடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, முகத்திலேயே தெரியும். கனகலிங்கமும் மனைவியும், இப்போது கனடாவில் இருக்கிறார்கள். றோஸ்மலர். நான். எனக்குப் பக்கத்தில் ஸ்ராண்டில் நிற்கும் பெரிய மலர்வளையம். அன்று கோயில் வாசலில் மழை. எனக்கு மேலே தெரியும் குடையைப் பிடித்திருந்தவர் செத்தவீட்டுக் கம்பனி ஆள்; வளையத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டார். பெயர் தேவையில்லை.

படம் எடுத்தவர் ஈஸ்ட் ஹாம் பாலசுப்பிரமணியன். சைவக்காரர் என்றாலும் துப்புரவான வேலை.

உன் தாய்,
டொலறஸ் கிறிஸ்துநாயகம்


ஹரோ,
30 நவம்பர் 1993

இயேசு, மரி, சூசை.

அன்பு மகள் பெர்னடெற்றுக்கு,

படம் கிடைத்ததென்று ஒரு வரி எழுதினாய். அதற்குப் பிறகு மூன்று கிழமையாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. துடைக்கத் தெரியாவிட்டால் திருப்பி அனுப்பு.

செய்தி ஒன்று. உன் அக்காவின் மனிதன் சனிக்கிழமை இறந்துவிட்டான். மாரடைப்பு. கலியாணம் முடிந்து பத்தொன்பது வருடம் இந்த வீட்டுக்கு வராத குரல் நேற்று ரெலிபோனில் வந்தது. "அம்மா, மெல்வின் போயிட்டார். பதினேழாம் திகதி வெள்ளிக்கிழமை அடக்கம். வாறதெண்டால் வாங்கோ. வராட்டிலும் நான் ஒண்டும் கேக்கமாட்டன்" என்றாள். அழவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் என் பிள்ளை.

பார்படோஸிலிருந்து சொந்தக்காரர் வந்து சேரும்வரை பிரேதத்தை மூன்று கிழமை வைத்திருப்பார்களாம். பெட்டி செய்யவா கப்பல் கட்டவா இவ்வளவு காலம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

நான் போகப்போவதில்லை. நீ எழுதி மினைக்கெடாதே. செத்தவீடு என்பது கொடுத்து வாங்குவது. வந்தவன் வீட்டுக்குத்தான் போவது. அவன் என் வாசலுக்கு வரவில்லை; நான் அவன் வாசலுக்குப் போவதில்லை. கணக்கு அவ்வளவுதான். அவனுடைய ஆன்மாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறேன். அவன் கத்தோலிக்கனும் இல்லை. அதுவே அதிகம்.

உன் தாய்,
டொலறஸ் கிறிஸ்துநாயகம்


அலபாமா,
7 டிசெம்பர் 1993

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதம் விரைவுத் தபாலில் வருகிறது. ரெலிபோனில் சொன்னால் நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள். கையில் எடுத்த கடிதத்தை முடிக்காமல் விடுகிற பழக்கம் உங்களுக்கு இல்லை. அதை நம்பி எழுதுகிறேன்.

படத்தைப் பற்றி மூன்று கிழமை நான் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அப்பாவின் முகத்தில் பூஞ்சணம் இல்லை. அது முழுவதும் மலர்வளையத்தில்தான் இருந்தது. பூஞ்சணம் பசையைத் தேடிப் போகும் என்று மிஸிஸ் கால்வேர்ட் சொன்னார். படத்தைச் சரித்து வைத்து விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தார். மற்ற இடமெல்லாம் ஒரே மினுக்கம், வளையம் மட்டும் மங்கல். "இது படமில்லை, இதன்மேல் பசை மையால் தீட்டியது" என்றார். நீங்கள் தொடவேண்டாம் என்றீர்கள். ஆனால் பூஞ்சணத்தை விட்டால் அது அப்பா வரைக்கும் போகும். குடைக் காம்பு வளையத்துக்குள் போகும் இடத்தில், ஒரு இலை அளவுக்கு, ஈரப் பஞ்சால் மெல்லத் தொட்டேன். பஞ்சு கறுப்பாக வந்தது. இலை போய்விட்டது. அந்த இடத்தில் நான்கு விரல்கள் இருந்தன, அம்மா. கறுத்த விரல்கள். ஒரு சீருடைக் கையின் முனையும் ஒரு பொத்தானும்.

அத்தோடு நிறுத்திவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். கேட்டேன். அவள் சொன்னாள்: "இரவு ஷிப்ட் முடிஞ்சு பஸ் டிப்போவில இருந்து நேரா வந்தவர். அம்மாவுக்கு ஆர் குடை பிடிக்கிறதெண்டு எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. இவர் பிடிச்சார். அவ திரும்பியும் பாக்கேல்லை. பிறகு அவர் வரேல்லை எண்டு அவ சொல்லித் திரியிறா எண்டு கேள்விப்பட்டு நான் சண்டைக்கு வெளிக்கிட்டனான். மெல்வின்தான் விடேல்லை. மனிசன் செத்தவ, அவவுக்கு ஆரையாவது கோவிக்க வேணும், என்னைக் கோவிச்சால் உனக்கென்ன எண்டவர்."

நான் லண்டனுக்கு வந்த புதிதில் அந்தப் படத்தைப் பார்த்து, யாரோ தெரியாத ஒரு கம்பனி ஆள் என் அம்மாவை நனையாமல் பார்த்துக்கொண்டாரே என்று அவருக்காகச் செபமாலை சொல்லியிருக்கிறேன். இங்கே வர முடியாதவனை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பொய் என்றீர்கள். நாங்கள் வந்தவரைப் பூவால் மூடியிருக்கிறோம். அதற்கு நீங்களே பெயர் சொல்லுங்கள்.

படம் உங்களுடையது. சொந்தக்காரர் சொல்லாமல் ஒன்றையும் மாற்றக்கூடாது என்பது இங்கே சட்டம். துடைக்கவா, விடவா? விடு என்றால் இப்படியே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். ஆனால் பின்பக்கத்தில் கம்பனி ஆள் என்று என் கையால் எழுத மாட்டேன்.

வந்தவன் வீட்டுக்குத்தான் போவது என்று எழுதினீர்கள். பதினேழாம் திகதி வெள்ளிக்கிழமை.

பெர்னடெற்


ஹரோ,
19 டிசெம்பர் 1993

இயேசு, மரி, சூசை.

அன்பு மகள் பெர்னடெற்றுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதில் தாய்க்கு எழுதும் முறை என்று ஒன்றும் இருக்கவில்லை. முடிவில் "அன்புடன்" என்பதையும் காணவில்லை. தபாலில் தவறியிருக்கும்.

பாலசுப்பிரமணியனைத் துப்புரவான வேலைக்காரர் என்று எழுதியிருந்தேன். அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். ஈரப் பஞ்சுக்குக் கரைகிற மையைப் பாவித்தவர் துப்புரவானவர் அல்ல.

வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு டூட்டிங்குக்குப் போனேன். வடக்குப் பாதை ரயிலில் படி ஏற இறங்க முழங்கால் பட்டது எனக்குத்தான் தெரியும். அது ஒரு புரட்டஸ்தாந்துக் கோயில். முழங்காலிட ஒரு மணைகூட இல்லை. பெண்கள் போட்டிருந்த தொப்பிகளில் சிலவற்றில் காகம் குடும்பத்தோடு இருக்கலாம். பிரசங்கம் ஒரு மணித்தியாலம்; பிரசங்கியாருக்கு முற்றுப்புள்ளி என்பது கேள்விப்படாத விஷயம். பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. நான் நினைத்திருந்த முகம் இல்லை. உன் அப்பா போனதிலிருந்து பதினேழு வருடமாக நான் கறுப்பு மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் எங்கே ஞாபகம் இருக்கும்.

மயானத்தில் குழியை மூட அவர்கள் கூலி ஆளை விடுவதில்லை. ஆண்கள் கோட்டைக் கழற்றிவிட்டு மாறி மாறி மண் போட்டார்கள். மண் போடப் போட மற்றவர்கள் பாடினார்கள். எங்கள் ஆட்கள் பிடிமண் போட்டுவிட்டு வாகனத்தைத் தேடுவார்கள். இவர்கள் குழி நிரம்பும்வரை ஒருவரும் கடிகாரம் பார்க்கவில்லை. பாட்டில் சுதி மட்டும் சேரவில்லை.

தொப்பிக்காரி ஒருத்தி, அவனுடைய தமக்கையாம், பார்படோஸிலிருந்து வந்தவள், என்னை மேலும் கீழும் பார்த்து நான் யார் என்று கேட்டாள். றோஸ்மலர் வாயைத் திறக்கவில்லை. ஆகவே நானே சொல்ல வேண்டியதாயிற்று. மெல்வின் என் மருமகன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி. என்னிடமிருந்து ஒன்றைப் பெறுவதற்கு யாரும் ஈரப் பஞ்சு கொண்டு வரத் தேவையில்லை.

இன்று பியற்றிஸ் மறுபடியும் உன்னைப் பற்றிக் கேட்டார். கறுப்பர்களின் கல்லூரியில் பூஞ்சணம் துடைக்கிறாள் என்றேன். வாய் மூட அவருக்கு நேரம் எடுத்தது. அவருடைய மகன் கண் டொக்டராக இருந்து என்ன பயன், இவருக்கு வேண்டியது வாய் டொக்டர்.

அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. அந்த மலர்வளையத்தை முழுவதும் துடைத்து முடி. பெயர் விட்ட இடத்தில் மெல்வின் பிறத்வெயிற் என்று எழுது. எழுத்துப் பிழை விடாதே. அதை வேறு யாரும் பார்க்கும்படி அங்கே வைத்திருக்க வேண்டியதும் இல்லை. என் வீட்டுச் சுவருக்கு அனுப்பு.

வெள்ளிக்கிழமை எடுத்த படமும் உனக்கு வரும். றோஸ்மலர் தலையில் ஒன்றுமில்லாமல் மழையில் நின்றாள். குடை கொண்டுபோகும் புத்தி அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. யாராவது பிடிப்பார்கள் என்று பார்த்தேன். எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் பிடித்தேன். அவ்வளவு பாட்டும் முடியும்வரை. கை உளைந்துவிட்டது. கோயில் வாசலில் அன்றைக்கு அவனுக்கும் உளைந்திருக்கும்.

என் முகம் குடைக்குப் பின்னால் மறைகிறது, இன்னொரு முறை எடுக்கட்டுமா என்று படக்காரன் கேட்டான். வேண்டாம் என்றேன். கை தெரிகிறது, அது போதும். கையைப் பார்த்து ஆளை அறிவது உனக்குப் பழகிவிட்டதுதானே.

அம்மா